ஒரே ஒலி, பல மொழிகள்: சொல்லுக்குச் சொல் உறவு உண்டா என்று கண்டுபிடிப்பது எப்படி?

வங்கியில் பணம் கட்டும் இடத்தில் 'காசாளர்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே ஆங்கிலத்தில் 'கேஷியர்'. காசு, கேஷ், காசாளர், கேஷியர். பொருளும் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. பார்க்கிற யாருக்கும் "இது நம்ம சொல்தானே, வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்" என்று தோன்றும். இந்தப் பேச்சு சென்னையில் டீக்கடையிலும் நடக்கும், கல்லூரிக் கருத்தரங்கிலும் நடக்கும். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். சீன மொழியிலும் 'நீ' என்றால் நீதான். எட்டுக்கும் 'எய்ட்'டுக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் நீளும்.

இந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒலி ஒத்துப்போனதும் தீர்ப்புச் சொல்லிவிடும் அவசரத்தில் தமிழுக்குத்தான் நஷ்டம். தமிழிலிருந்து உலகமெங்கும் போன சொற்கள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. ஆதாரமில்லாத பத்துச் சொற்களோடு சேர்த்துச் சொன்னால், ஆதாரமுள்ள ஒன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு சொல்லை எடுத்து, கடைசி வரை துரத்திப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு 'காசு'. உங்களுக்குப் பிடித்த சொல்லுக்கும் இதே வழிதான்.

படி 1: ஒலியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

முதல் வேலை, ஒரு நோட்டில் சொல்லையும் அதை ஒத்த அயல்மொழிச் சொற்களையும் வரிசையாக எழுதுவது. நெடில் நெடிலாகவும் குறில் குறிலாகவும் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து ககரத்தின் வெவ்வேறு ஒலிகளைப் பிரித்துக் காட்டாது, சகரமும் அப்படியே. அதனால் பக்கத்தில் உச்சரிப்பைக் குறித்துவையுங்கள்.

காசுக்கு என் பட்டியல் இப்படி இருந்தது. ஆங்கிலத்தில் கேஷ், ரொக்கப் பணம். பாரசீகத்தில் கஸ், ஆள். துருக்கியில் கஸ், தசை. அரபியில் கஃஸ், கோப்பை. ஜப்பானியத்தில் கசு, அரிசி மதுவை வடித்த பின் தங்கும் சக்கை. எஸ்டோனியத்தில் கஸ், பூனை. இதோடு முந்திரிப் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்யூ'வையும் சேர்த்தேன்.

குறில் நெடில் விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார் என்றால், மலையாளத்தைப் பாருங்கள். அங்கே 'காசு' என்றால் பணம். 'கசுவண்டி' என்றால் முந்திரிக்கொட்டை. ஒரு மாத்திரைதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் இரண்டு கண்டங்களிலிருந்து வந்தவை. முந்திரியின் கசு, பிரேசில் நாட்டுத் துப்பி மொழியின் 'அகஜு'விலிருந்து போர்த்துக்கீசிய 'கஜு' வழியாக, மரத்தோடு சேர்ந்து கப்பலில் வந்தது. காதால் மட்டும் கேட்டு எழுதினால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம்.

படி 2: முதலில் நம் வீட்டுக்குள் தேடுங்கள்

பலரும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்விடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள், எது பழையது என்று தெரியாமல் அடுத்த மொழிக்குப் போவதில் பயனில்லை.

தொடங்க வேண்டிய இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 தொடங்கி 1936க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னிணைப்புத் தொகுதி 1939இல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். அச்சுப் பிரதியைப் புரட்ட ஆசைப்பட்டால், 1896இல் திறந்த எழும்பூர் கன்னிமரா நூலகம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பேரகராதி பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டும். இதைக் கடுமையாக மறுத்தவர் தேவநேயப் பாவாணர். அவரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழக அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த அகரமுதலி பெரும்பாலும் தமிழ் வேரையே காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிம்மதியாக மேலே போகலாம். முட்டிக்கொள்ளும் இடத்தில் நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். காசுக்கே அந்தக் கேள்விக்குறி உண்டு: 'கர்ஷம்' என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள், தமிழ்ச் சொல்லே என்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து இலக்கியச் சான்று. காசு எத்தனை வேடத்தில் வருகிறது பாருங்கள். கண்ணகியிடம் கோவலன் 'மாசறு பொன்னே' என்று தொடங்கிக் 'காசறு விரையே' என்கிறான். இங்கே காசு என்றால் குற்றம். குற்றமற்ற நறுமணமே என்று அழைக்கிறான். வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு ஈற்றுச் சீர் வாய்பாடு நினைவிருக்கும்: நாள், மலர், காசு, பிறப்பு. அங்கே பொருளே முக்கியமில்லை, ஓசைக்காக நிற்கிறது.

இவற்றைவிட அழகான சான்று குறுந்தொகை 67. பாலை வழியில் ஒரு கிளி, வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. புதிய நூலைக் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூர்மையான நகத்தில் பிடித்திருக்கும் 'பொலங்கல ஒருகாசு' போல அது இருக்கிறதாம். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். மஞ்சளாகப் பளபளக்கும் அந்தப் பழத்தின் அளவை நினைத்துப் பாருங்கள். இங்கே காசு என்பது பொன்நகையில் கோக்கும் சிறு உருண்டை. கடையில் நீட்டும் சில்லறை இல்லை. நம் காசுமாலையில் இந்தப் பழைய நினைவு இன்னும் தொங்குகிறது. ஆக, 'காசு என்றால் பணம்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், பாதி வரலாற்றைத் தொடக்கத்திலேயே தொலைத்திருப்போம்.

படி 3: அக்கம்பக்கத்து உறவுமொழிகளைக் கேளுங்கள்

தமிழுக்கு உடன்பிறந்த மொழிகளில் அந்தச் சொல் இருக்கிறதா? இதற்கான கருவி, மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் இருக்கின்றன. இதுவும் சிகாகோ தளத்தில் கிடைக்கிறது.

இங்கேதான் உறவு என்றால் என்ன என்று கண்ணால் பார்க்கலாம். தமிழ்ப் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பூ, ஹூ. நம் பகரம் முதலில் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருகிறது, ஒரு சொல்லில் மட்டும் அல்லாமல் சொல்லுக்குச் சொல். ஹாலுவும் பாலும் காதுக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை, ஆனாலும் உறவு உறுதி. உறவைக் காட்டுவது இந்த ஒழுங்குதான். ஒலி வேறாக இருந்தும் ஒழுங்கு இருந்தால் உறவு. ஒலி ஒன்றாக இருந்தும் ஒழுங்கு இல்லையென்றால் சந்தேகம்.

இந்த வேலைக்குச் சென்னைக்கு ஒரு தனி உரிமை உண்டு. இங்கே கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1816இல் ஒரு தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கி, தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததில்லை, தமிழோடும் கன்னடத்தோடும் ஒரே குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு 40 ஆண்டு முன்பே இந்த ஊரில் இந்த முறை நடந்தேறிவிட்டது.

காசுக்கு வருவோம். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் காசு இருக்கிறது. ஆனால் நாணயப் பெயர்கள் சந்தையோடு ஊர் ஊராகப் போகும் இயல்புள்ளவை. மூன்று மொழியிலும் ஒரே உருவத்தில் இருப்பதால் மட்டும் அது மூதாதைச் சொல் என்று சொல்ல முடியாது.

படி 4: எதிர்மொழிச் சொல்லின் பழைய உருவத்தைத் தேடுங்கள்

இன்றைய உருவத்தோடு இன்றைய உருவத்தை ஒப்பிடவே கூடாது. இரண்டு பக்கமும் எவ்வளவு பின்னால் போக முடியுமோ, அவ்வளவு போக வேண்டும். உறவுச் சொற்கள் என்றால் பின்னால் போகப் போக நெருங்கி வரும். தற்செயல் என்றால் விலகிக்கொண்டே போகும்.

எட்டையும் எய்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை என்கிறோம். அப்படியென்றால் எட்டின் அடி 'எண்'. கன்னடத்தில் 'எண்ட்டு' என்று ணகரம் இன்னும் கேட்கிறது, தெலுங்கில் 'எனிமிதி'. இப்போது ஆங்கிலப் பக்கம் போனால், ஜெர்மனில் 'ஆஃக்ட்', லத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. நம் பக்கம் 'எண்', அவர்கள் பக்கம் 'ஒக்த்'. நடுவில் ஒரு ஒலிகூட ஒத்துப்போகவில்லை. இந்தி 'ஆட்' வடமொழி வழி வந்தது. அது ஆங்கிலத்துக்கு உறவு, தமிழுக்கு உறவில்லை.

ஒன்றுக்கும் 'ஒன்'னுக்கும் இதே கதி. ஆங்கில 'ஒன்' முன்பு 'ஆன்'. முன்னால் கேட்கும் வகர ஒலி பிறகு ஒட்டிக்கொண்டது. 'ஒன்லி', 'அலோன்' இரண்டும் அதே சொல்லிலிருந்து பிறந்தவை. அவற்றில் இன்றும் அந்த ஒலி கிடையாது.

கேஷ் விஷயத்தில் இந்தப் படி பெரிய திருப்பத்தைக் கொடுக்கிறது. அது ஆங்கிலத்துக்குள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோது பொருள் பணம் இல்லை, பணம் வைக்கும் பெட்டி. பிரெஞ்சில் 'கேஸ்', இத்தாலியத்தில் 'காஸா', இரண்டும் லத்தீன் 'காப்ஸா' என்ற பெட்டியிலிருந்து வந்தவை. பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் பெட்டியின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. நாம் பாட்டுக் கேட்ட கேசட்டும், மருந்துக் கேப்சூலும் அதே பெட்டியின் பிள்ளைகள். கேஷியர் என்பவர் பெட்டிக்காரர். காசாளர் காசை ஆள்பவர். ஆக, வங்கிப் பலகையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொல்லுக்கும் பிறப்பில் உறவில்லை.

படி 5: யார், எப்போது, எந்த வழியாகக் கொண்டுபோனார்கள்?

இங்கே நிறுத்தியிருந்தால் பாதிக் கதைதான். ஆங்கில அகராதியில் 'கேஷ்' இரண்டு இடத்தில் இருக்கும். முதலாவது பெட்டியிலிருந்து வந்தது. இரண்டாவது, கிழக்கு நாடுகளின் சிறு நாணயம். அந்த இரண்டாவது கேஷ், நம் காசேதான்! தமிழ்க் காசைப் போர்த்துக்கீசியர்கள் 'கைஷா' என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றே பெயர். அங்கேயே இரண்டும் ஒன்றாகக் குழம்பி, ஆங்கிலத்துக்குள் போகும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் போய்ச் சேர்ந்தன. சீனாவின் சதுரத் துளை போட்ட செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே கிடையாது.

கடன்சொல் என்று சொல்ல வேண்டுமென்றால் கையில் கொடுத்த இடம் தெரிய வேண்டும். காசை ஆங்கிலேயர்கள் தினமும் கணக்கில் எழுதிய இடம் சென்னை. அன்றைய மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆங்கிலேயர்கள் பணத்தை 'ஃபனம்' என்றும் வராகனை 'பகோடா' என்றும் எழுதினார்கள். 1818இல் ரூபாய் வரும் வரை கோட்டையின் கணக்கு இப்படித்தான் ஓடியது.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் காசை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் அடித்து அனுப்பியது. 1808 என்று பொறித்த 20 காசுச் செப்பு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. திருப்பினால் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ்', அதாவது இருபது காசு, நாலு ஃபுலூஸ் (செப்புச் சில்லறை) என்று இருக்கும். அதற்குக் கீழே ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் 'கேஷ்'. ஒரே உலோக வட்டில் நம் சொல் இரண்டு அயல் எழுத்தில் நிற்கிறது. மதராஸுக்கு இவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் நாணயங்களை மேலே எடுத்தார்கள். கன்னிமரா இருக்கும் அதே வளாகத்து அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு உண்டு. பழைய தென்னிந்திய நாணயங்களைப் பார்த்துப் பழகினால் இந்தப் பெயர்கள் மனதில் பதியும்.

கடன்சொல் பெரும்பாலும் சரக்கோடுதான் போகும். இஞ்சி வேர் பாலி மொழியில் 'சிங்கிவேர'வாகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆகி, ஆங்கில 'ஜின்ஜர்' வரை போனது. 'மேங்கோ'வும் 'கட்டமரான்'னும் அப்படித்தான். சரக்கு, துறைமுகம், வணிகர், காலம் நான்கும் பொருந்தினால் கடன்சொல் என்று தைரியமாக எழுதலாம்.

படி 6: தற்செயலா என்று சோதியுங்கள்

இந்தப் படியில் மனசு கொஞ்சம் கஷ்டப்படும், ஆனால் விடக் கூடாது. மனித வாய் எழுப்பும் ஒலிகள் அளவானவை, மொழிகளோ ஆயிரக்கணக்கில். குட்டிச் சொற்கள் எங்காவது மோதத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசிய ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டொக்'. கேட்டதும் ஆங்கிலம் என்று தோன்றும். அதை ஆராய்ந்த மொழியியலாளர் டிக்ஸன் அக்கம்பக்கத்து மொழிகளையும் பார்த்தார். அங்கே நாய் 'குடகா'. அந்தக் குடகா தேய்ந்து டொக் ஆனது, ஆங்கிலத்தோடு சம்பந்தமே இல்லை.

மாமாவை எடுங்கள். நமக்கும் இந்திக்காரர்களுக்கும் அம்மாவின் தம்பி அல்லது அண்ணன். சீனத்திலும் சுவாஹிலியிலும் அம்மா. ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. குழந்தை முதலில் எழுப்பும் ம, ப, த ஒலிகளைப் பெற்றவர்கள் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்வதால் உலகம் முழுக்க இப்படி நடக்கிறது என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஆக, அம்மா, அப்பா, மாமா மூன்றையும் உறவுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். கொரிய 'அப்பா'வும் இதில் அடங்கும்.

கொரியப் பேச்சு சென்னையில் சூடானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் வந்து தங்கிய பிறகு இன்னும் சூடு. யோசனை புதிதில்லை, ஹோமர் ஹல்பர்ட் 1905லேயே கொரிய, திராவிட மொழிகளை ஒப்பிட்டு நூல் எழுதினார். ஆனால் நாமே ஒரு சோதனை செய்யலாம். பிடித்த சொல்லைப் பொறுக்காமல், எந்த மொழியிலும் இருந்தே தீர வேண்டிய சொற்களை எடுப்போம். தமிழில் நீர், கண், கை, கால். கன்னடத்தில் நீரு, கண்ணு, கை, காலு. தெலுங்கில் நீரு, கன்னு, செய்யி, காலு. கொரியத்தில் முல், நுன், சோன், பல். எண்களுக்கு ஹனா, துல், செத், நெத். நாளுக்கு அங்கே 'நல்' என்று ஒன்று ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் எதுவும் ஒத்துப்போகவில்லை. படி 3இல் பார்த்த ஒழுங்கு இங்கே கிடைக்கவில்லை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இந்த உறவை ஏற்காததற்குக் காரணமும் இதுதான்.

சீன 'நீ'யும் அப்படியே. அங்கே 'நான்' என்பதற்கு 'வோ', 'அவன்' என்பதற்கு 'தா'. ஒரு பிரதிப்பெயர் மட்டும் ஒத்துப்போய்க் கூடவே வர வேண்டிய மற்றவை வரவில்லை. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசும் பிராகுயியிலும் 'நீ' இருக்கிறது. அதைக் கொண்டாடுங்கள். அது திராவிட மொழி, உண்மையான உறவு.

இந்தச் சோதனையில் என் பட்டியலின் துருக்கித் தசை, பாரசீக ஆள், அரபிக் கோப்பை, ஜப்பானியச் சக்கை, எஸ்டோனியப் பூனை எல்லாம் உதிர்ந்துவிட்டன. பொருளும் சேரவில்லை, வழியும் இல்லை.

படி 7: முடிவை எழுதிவையுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே வரி: உறவு, கடன், தற்செயல், இல்லையென்றால் கேள்விக்குறி. பக்கத்தில் எந்த அகராதி, எந்தப் பாட்டு என்று குறியுங்கள். காசுக்கு நான் எழுதியது: தென்னிந்திய மொழிகளின் காசு ஒரே சொல், மூலம் கேள்விக்குறி; ஆங்கிலச் சிறு நாணயக் கேஷ் போர்த்துக்கீசியம் வழிக் கடன்; ரொக்கப் பணக் கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது; கேஷ்யூ துப்பியிலிருந்து வந்தது; மற்றவை தற்செயல். கேள்விக்குறியை அழித்துவிட்டுச் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்தே போடுங்கள்.

அடுத்துப் பழகிப் பார்க்க ஒரு சொல் தருகிறேன்: கூலி. தமிழில் வேலைக்குக் கொடுக்கும் சம்பளம். ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் அந்த வேலையைச் செய்யும் ஆள். குஜராத்தில் 'கோலி' என்று ஒரு சமூகத்தின் பெயர் இருக்கிறது. துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. சீனத்தில் 'கூலீ' என்று சொல்லி, 'துன்பம்', 'வலிமை' என்ற பொருளுள்ள இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். படி 1லிருந்து தொடங்குங்கள். தமிழ்ப் பேரகராதியில் கூலியைப் பார்த்ததும் தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்.